கொடியில் காயாத விரிப்பு

இப்போதெல்லாம் ஆளாளுக்கு வைத்தியர். கையில் ஒரு போன், அதில் எவனோ அனுப்பிய நாலு வரி... அது போதும். முடி கொட்டினாலும் கொரோனா ஊசி, முழங்கால் வலித்தாலும் கொரோனா ஊசி. தான் செய்ததை ஒருத்தனாவது திரும்பிப் பார்க்கிறானா? பழியைப் போட ஒரு தலை கிடைத்தால் சரி. அந்த வீட்டில் கிடைத்த தலை, பஸ் டிரைவருடைய மனைவியின் தலை.

காலை ஏழு மணி. டிரைவர் கூடத்து நாற்காலியில் விறைப்பாக உட்கார்ந்திருந்தார். சட்டைக்கு அடியிலிருந்து இறங்கிய ரப்பர் குழாய், காலோடு கட்டிய பையில் போய் முடிந்தது. பத்து நாளைக்கு முன் ஒரு சொட்டு நீர் பிரியாமல், அடிவயிறு கல்லாக வீங்கி, அலறிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனபோது மாட்டிவிட்டது. ஊசி போட்ட எட்டாம் நாள் அது. கையைப் பிடித்து இழுத்துப் போய் ஊசி வரிசையில் நிறுத்தியவள் மனைவி.

"முப்பது வருஷம் பஸ் ஓட்டினவன், ஒரு நாள் படுத்தானா?" டிரைவரின் அக்கா முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். "இவ கொண்டுபோய்க் குத்த வெச்சா... என் தம்பிய மாடு மாதிரி கட்டிப் போட்டாச்சு! நான் மட்டும் மாத்திரை குடுக்கலன்னா இந்நேரம் படமா தொங்கியிருப்பான்."

"அண்ணி... அப்படிச் சொல்லாதீங்க" என்றாள் மனைவி.

"வாயத் திறக்காதே!" என்றார் டிரைவர். "இன்னிக்குக் குழாயக் கழட்டினதும் நீ உன் தம்பி வீட்டுக்குக் கிளம்பு. உன் மூஞ்சியப் பார்த்தா எனக்கு ஊசிதான் ஞாபகம் வருது."

வாயைத் திறந்தால் என்ன வரும் என்று அவளுக்குத்தான் தெரியும். இரண்டு வருஷமாக அவருக்குத் தானாகக் கசிகிறது. சொட்டுச் சொட்டாகப் போகும், பாதியில் நிற்கும், படுக்கையிலும் போய்விடும். "டிப்போவுக்குத் தெரிஞ்சா ஸ்டியரிங்க பிடுங்கிடுவாங்க. மருமக முன்னாடி நான் தலை நிமிர முடியாது. வெளியில சொன்னே... என்னை உசிரோட பார்க்க மாட்டே" என்று அன்றைக்கு அவள் கையைத் தன் தலையில் வைத்துச் சத்தியம் வாங்கினார். அன்றிலிருந்து தினமும் விடியுமுன் எழுந்து, விரிப்பை அலசி, கொடியில் போடாமல் குளியலறைக் கதவுக்குப் பின்னால் காய வைத்தாள். மருமகள் ஆறரைக்குக் கதவைத் திறப்பதற்குள் எல்லாம் முடிந்துவிடும். "மகாராணி எழுந்தாச்சா?" என்று அந்தப் பெண்ணை ஒரு குத்துக் குத்திவிட்டுத்தான் அடுப்பைப் பற்ற வைப்பாள். மூடிவைத்த கவலை எங்கேயாவது பொங்கத்தானே செய்யும்!

துணிப்பையில் தன் இரண்டு புடவைகளை வைத்தாள். கூடவே, டாக்டர் கேட்டால் காட்டலாமென்று, அலமாரியில் சேர்த்து வைத்திருந்த காலி மாத்திரை அட்டைகளையும் போட்டாள். எந்த அட்டையையும் தூக்கிப் போடாத பழக்கம் அவளுக்கு.

ஆஸ்பத்திரியில் டிரைவர், மனைவி, அக்கா, மருமகள் நாலு பேரும் டாக்டர் முன்னால் உட்கார்ந்தார்கள். டாக்டர் அம்மாவுக்கு டிரைவரின் மகள் வயதுதான் இருக்கும்.

"இந்தத் தொந்தரவு எப்பலேருந்து?"

"ஊசி போட்ட எட்டாம் நாள்லேருந்து" என்றார் டிரைவர்.

"அதுக்கு முன்னாடி?"

"சுத்தமா ஒண்ணுமில்ல."

டாக்டர் ஸ்கேன் தாளைத் திருப்பிப் பார்த்தார். "படம் வேற கதை சொல்லுதே... சரி, நீங்க சொல்றத வெச்சுப் பார்த்தா, இன்னிக்கே குழாய எடுத்துடலாம். ஆனா உண்மையச் சொல்லிடுங்க ஐயா. பழைய தொந்தரவா இருந்து, மருந்து குடுக்காம எடுத்தா, ராத்திரிக்குள்ள மறுபடி அடைச்சுக்கும். கிட்னி வரைக்கும் போயிடும்."

பேசினால் அவர் மானம் போகும். பேசாவிட்டால் மனுஷனே போய்விடுவார்... டிரைவர் அவளை முறைத்தார். முப்பது வருஷம் அந்த முறைப்புக்கு அடங்கினவள்.

"எழுதிக்கோங்க டாக்டர்" என்றாள். "ரெண்டு வருஷம். ஊசிக்கு ரொம்ப முன்னாடியே."

"அடியே!"

"திட்டுங்க. அடிங்க. தம்பி வீட்டுக்குப் போன்னீங்க, இதோ பையோடதான் வந்திருக்கேன். ஆனா உங்க உசிரை வெச்சு என்னால சத்தியத்தக் காப்பாத்த முடியாதுங்க!"

பையைக் கவிழ்த்தாள். புடவைகளோடு அட்டைகளும் மேஜையில் சரிந்தன. டாக்டர் ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார்.

"இது சளி மாத்திரையாச்சே! யாருக்குச் சளி?"

"யாருக்கும் இல்ல" என்றாள் அக்கா பெருமையாக. "ஊசி போட்ட அன்னிக்குக் காய்ச்சல் அடிச்சுது. ஊசி மருந்து சளியா வெளிய இறங்கிடட்டும்னு நான்தான் வாங்கிக் குடுத்தேன். வேளைக்கு ஒண்ணு, ஏழு நாள்."

டாக்டர் தலையில் கை வைத்துக்கொண்டார். "அம்மா, புராஸ்டேட் சுரப்பி வீங்கின ஆம்பளைக்கு இந்த மாத்திரை நீர்ப்பாதையப் பூட்டுப் போட்டுடும். ஊசி போட்டா காய்ச்சல், கைவலி வரும். எத்தனையோ பேரைப் பார்த்தாச்சு, நீர் அடைக்கிறது ஊசியாலன்னு இதுவரைக்கும் யாரும் உறுதியாக் காட்டல. நூத்துக்கு நூறுன்னு சொல்ல நான் கடவுள் இல்ல. ஆனா இவருக்கு அடைச்சது எதுன்னு இந்த அட்டையே சொல்லுது."

அக்கா அந்த அட்டையை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். டிரைவர் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். மருமகள் முன்னால் மானம் போய்விட்டது.

அந்த மருமகள்தான் எழுந்து வந்து புடவைகளை மடித்துப் பையில் வைத்தாள்.

"மாமா, எனக்கு முன்னாடியே தெரியும்."

"என்னம்மா தெரியும்?" என்றாள் மாமியார்.

"குளியலறைக் கதவுக்குப் பின்னாடி தினம் ஒரு ஈர விரிப்பு... கண்ணில்லையா எனக்கு? நான் அஞ்சு மணிக்கே முழிச்சுக்குவேன் அத்தை. நீங்க அலசி முடிச்சு, முந்தின நாள் காஞ்சத எடுத்து மடிக்கிற வரைக்கும் உள்ளயே உட்கார்ந்திருப்பேன். வெளிய வந்தா நீங்க சங்கடப்படுவீங்கன்னுதான்..."

மகாராணி, மகாராணி என்று எத்தனை நாள் குத்தியிருப்பாள்! அத்தனையும் இப்போது திரும்பி வந்து அவள் நெஞ்சிலேயே பாய்ந்தது.

"அடிப் பாவி... ஒரு வார்த்தை திருப்பிச் சொல்லலியேடி!"

"நீங்க மாமாவுக்காக வாங்கிக் கட்டிக்கிட்டீங்க. நான் உங்களுக்காக வாங்கிக்கிட்டேன். அவ்வளவுதானே அத்தை!"

மருமகளின் தோளில் முகம் புதைத்து அவள் ஓவென்று அழுதாள். பத்து நாள் அடக்கிய அழுகை.

டாக்டர் வீக்கத்துக்கு மருந்து எழுதி, குழாயை அடுத்த வாரம் எடுக்கலாம் என்றார். டிரைவர் சீட்டை வாங்கினார். பார்க்காமலேயே மனைவி கையில் திணித்தார்.

"வேளைக்கு எடுத்துக் குடு."

"நான் தம்பி வீட்டுக்கு..."

"அந்தப் பக்கம் இன்னிக்கு பஸ் இல்ல."

அரை மணிக்கு ஒரு பஸ் உண்டு. முப்பது வருஷமாக அந்த வழியில் ஓட்டுகிறவர் அவர்தான். அவள் சீட்டை மடித்து முந்தானையில் முடிந்துகொண்டாள்.

வராந்தாவில், குழாய்ப் பை காலில் ஆட, அவர் முன்னால் நடந்தார். "படிச்சவங்க எல்லாம் ஒரே கூட்டம்... ஒருத்தரை ஒருத்தர் விட்டுக் குடுப்பாங்களா? என்ன சொன்னாலும் ஊசிதான். எழுதி வெச்சுக்கோங்க!" என்று யாரிடமோ சொல்லிக்கொண்டே வாசலைத் தாண்டிப் போய்விட்டார்.