தரகரம்மாவின் முறை

நேற்றுத்தான் மாற்றிய தலையணை உறையில் வைக்கோல் வாசனை அடித்தது. வைக்கோல் மட்டுமில்லை. அதற்கடியில் ஈரமும் லேசான தித்திப்புமாக, நனைந்த ரோமம் காயும்போது வருமே, அந்த மாதிரி ஒன்று. மிருக டாக்டரைக் கட்டிக்கொண்டவள் மூக்கைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் குடித்தனம் நடத்த வேண்டும் என்று அவளை அக்கா கேலி செய்வாள். ஆனால் புருஷன் சட்டையில் ஏறிவரும் வாசனை ஒவ்வொன்றும் அவளுக்கு அத்துப்படி. இது அவற்றில் எதுவும் இல்லை. வேடிக்கை என்னவென்றால், பல மாதமாகத் தூக்கம் பிடிக்காமல் புரண்டுகொண்டிருந்தவள் அந்தத் தலையணையில்தான் அடித்துப்போட்டாற்போலத் தூங்கியிருந்தாள்.

மிருகக்காட்சிசாலைக்குப் பின்னாலிருந்த ஊழியர் குடியிருப்பில் அவர்கள் வீடு. அவன் அங்கே மருத்துவர், அவள் ஆராய்ச்சியாளர். முன்பின் அறியாத இரண்டு மிருகங்களைச் சட்டென்று ஒரே கூண்டில் விட்டால் ஒன்றையொன்று கிழித்துவிடும். தனியாகவே விட்டுவிட்டால் சில ஜாதிகள் ஏங்கியே செத்துப்போகும். இரண்டும் நடக்காமலிருக்க அவள் ஒரு முறை கண்டிருந்தாள். முதலில் ஒன்றின் படுக்கையை மற்றதற்குப் போட வேண்டும். அந்த வாசனையில் நிம்மதியாகத் தூங்க ஆரம்பித்ததும் குரலைப் பதிவு செய்து கேட்கவிட வேண்டும். அப்புறம் நடுவில் கம்பிவலை. கதவைத் திறப்பது எல்லாவற்றுக்கும் கடைசி. ஒன்று கொட்டாவி விட்டதும் மற்றதும் விட்டால், ஜோடி சேர்ந்துவிட்டது என்று அர்த்தம். அவள் சேர்த்துவைத்த ஜோடி ஒன்றுகூட அடித்துக்கொண்டதில்லை. அதனால் ஊழியர்கள் அவளுக்குத் தரகரம்மா என்று பெயர் வைத்திருந்தார்கள். அவளுக்கும் அதில் உள்ளூரப் பெருமைதான்.

"ஏங்க, அழுக்குக் கூடையில போட்ட நைட்டியப் பாத்தீங்களா?"

"அங்கதான் இருக்கும், நல்லாப் பாரு." அவன் தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"அந்தப் புது ஜீவன் சாப்பிடுதா?"

புதிதாக வந்த மிருகத்தை நோய்ப் பரிசோதனைக்காகத் தனிமைக்கூடத்தில் வைத்திருந்தார்கள். வழியிலேயே அதன் ஜோடி செத்துவிட்டது. அவனைத் தவிர யாரும் உள்ளே போகக் கூடாது என்று மேலிடத்து உத்தரவு.

"இப்போ கொஞ்சம் சாப்பிடுது," என்றான். "பழகிடுச்சு."

அன்று சாயங்காலம் தண்ணீர்க் குழாயை மூடிய பிறகும் ஏதோ ஒரு சத்தம் மிச்சமிருந்தது. சமையலறைச் சுவருக்கு அப்பால், அவன் பூட்டிவைத்திருக்கும் மருந்தறையிலிருந்து, இழுத்து, நிறுத்தி, யோசித்து, பிறகு மெதுவாக விடுவதுபோல ஒரு மூச்சு வந்துகொண்டே இருக்க, அவள் ஈரக்கையைத் துடைக்காமல் சுவரில் காதை வைத்தபடி நின்றாள். பயமாக இருந்தது. ஆனால் எவ்வளவு நேரம் நின்றாளோ, கடைசியில் தன் மூச்சும் அதே தாளத்தில் போய்க்கொண்டிருப்பதைக் கண்டு வெடுக்கென்று விலகினாள். பழைய ஃபிரிட்ஜ் என்றான் அவன். நம்பினாள். அவன் சொல்லி அவள் எதைத்தான் நம்பவில்லை?

அந்த வாரக் கடைசியில், வெளிச்சம் மங்கும் நேரத்தில், தனிமைக்கூடத்துக்கு வரச்சொல்லிக் கூப்பிட்டான். படுக்கை சரியாக இருக்கிறதா என்று அவள்தான் பார்த்துச் சொல்ல வேண்டுமாம். இத்தனை நாள் தள்ளிவைத்தவன் இப்போது கூப்பிடுகிறானே என்று சந்தோஷமாகவே நடந்தாள். பாதி வழியில் அக்கா போன் செய்தாள்.

"ஏண்டி, ரெண்டு வருஷம் வெளிநாடு போறேன்னு எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலியே?"

"நானா? யாருக்கா சொன்னா?"

"உன் வீட்டுக்காரர்தான். போன்கூட எடுக்காத காடாமே. போகும்போது தொந்தரவு பண்ணாதீங்கன்னார், மனசு கேக்கல. உடம்பப் பாத்துக்கோ."

வாசலில் கிருமிநாசினித் தொட்டியருகே அவன் நின்றுகொண்டு கையை நீட்டினான். போனை உள்ளே கொண்டுபோகக் கூடாது. விதி விதிதான். அப்புறம் பேசுகிறேன் என்று அக்காவிடம் சொல்லிவிட்டுக் கொடுத்தாள்.

"அக்காகிட்ட என்ன உளறி வெச்சீங்க?"

"சொல்றேன். முதல்ல உள்ள போய்ப் பாரு."

அறை நன்றாகத்தான் இருந்தது. மறைந்துகொள்ள ஒரு மூலை. ஏறி உட்கார உயரமாக ஒரு பலகை. பொழுது போக ஏதாவது. எந்த மிருகத்துக்கும் இதெல்லாம் வேண்டும் என்று எழுதியவளே அவள்தான். ஆனால் மூலையில் போட்டிருந்தது கட்டில். பொழுது போக வைத்திருந்தவை புத்தகங்கள். தண்ணீர்த் தொட்டியின் விளிம்பில் ஒரு சீப்பு. அவள் சீப்பு.

பின்னால் தாழ்ப்பாள் விழுந்தது.

"ஏங்க. கதவத் திறங்க."

கண்ணாடி ஜன்னலுக்கு அப்பால் அவன் ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தான்.

"அது சாகக் கிடந்துச்சு. உன் வாசனை வந்தப்புறம்தான் வாயே திறந்துச்சு. அந்த ஜாதியில வேற எதுவும் பாக்கி இல்ல."

"நான் உங்க பொண்டாட்டிங்க."

"நீயும்தான் தூங்காமக் கிடந்தே. இப்போ தூங்குறியே."

குரலில் கோபமில்லை, குரூரமில்லை. அதுதான் அவளைக் கொன்றது. காய்ச்சலில் கிடந்தபோது விடிய விடிய நெற்றியில் ஈரத்துணி போட்ட கை அது. ஒவ்வொரு இரவும் அவள் தூங்கும்வரை விழித்திருந்தானே, அன்பென்று நினைத்தாளே. அவள் தூக்கத்தைக் கணக்கெடுத்திருக்கிறான். கண்ணாடியை அறைந்தாள். கத்தினாள். அவன் அவள் தோள்களைப் பார்த்தான், கைகளைப் பார்த்தான், கண்ணை மட்டும் பார்க்கவில்லை. கவனிப்பவர் மிருகத்தின் கண்ணைப் பார்க்கக் கூடாது. ஊழியர்களுக்கு அவள் சொல்லிக்கொடுத்தது.

பக்கத்துச் சுவர், சுவரில்லை. வலை. அதற்கப்பால் இருட்டு. இருட்டில் அந்த மூச்சு.

இழுத்து. நிறுத்தி.

அவன் கை விசைக்குப் போனது. வலை மேலே ஏறியது.

காலடிச் சத்தமில்லை. வெதுவெதுப்பான காற்று மட்டும். வைக்கோல். ரோமம். தித்திப்பு. திரும்பக் கூடாது. ஓட இடமில்லை. கத்து. கத்தத்தானே வேண்டும். கனமான தாடை ஒன்று பின்னாலிருந்து அவள் தோளில் மெல்ல இறங்கியது. இறுகியிருந்த தோள், அவளைக் கேட்காமலே, தளர்ந்தது. இமை கனத்தது.

கண்ணாடியில் இரண்டு முகங்கள் தெரிந்தன. மேலிருந்த முகத்தின் வாய் காதுவரை, காதையும் தாண்டி, வரிசைக்குப் பின்னால் வரிசையாகப் பற்களைக் காட்டிக்கொண்டு, சாவகாசமாகக் கொட்டாவி விட்டது. அடங்கியது. அப்புறம், அவள் வேண்டாம் வேண்டாம் என்று பல்லைக் கடித்துக்கொண்டிருக்கும்போதே, கீழிருந்த அவள் வாயும் மெல்லத் திறந்தது.