பூமித்தாய்க்கு ஊற்றிய எண்ணெய்

ஆகஸ்ட் மாதக் கடுங்குளிரில், மலைமேல் இருக்கும் உயூனி ஊரில் விடிவதே பாதிக் கனவு மாதிரிதான். உப்புவெளி எங்கே முடிகிறது, வானம் எங்கே தொடங்குகிறது என்று தெரியாது. அந்த வெண்மைக்குள்ளிருந்து நடந்து வந்து ஃபெலிசாவின் கதவைத் தட்டினான் ஜீப் ஓட்டும் டெமெத்ரியோ.

"அக்கா, நேத்து விடியகாலைல எண்ணெய் உறைஞ்சு இன்ஜின் பிடிச்சுக்கிச்சு. நல்ல எண்ணெயை வித்துட்டு மட்டமானதை ஊத்திட்டேன்னு சங்கத்துல சொல்றாங்க. இன்னிக்குச் சாவியப் பிடுங்கிருவாங்க. அது சங்கத்து வண்டி, போனா என் பொழப்பே போச்சு."

ஃபெலிசா முன்பு சுங்கச் சோதனைக்கூடத்தில் இருந்தவள். இப்போது ஓட்டுநர் சங்கத்தின் வழக்குகளை விசாரிப்பவள். கோக்கா இலையை மென்றபடி கேட்டுக்கொண்டாள். உடனிருந்த மெக்கானிக் நிக்கனோருக்குத்தான் பொறுமையில்லை.

"எண்ணெய் வித்த ஓவிதியோவப் போய்ப் பிடிப்போம்க்கா."

"பிடிப்போம். டப்பாவ எங்க திறந்தே, டெமெத்ரியோ?"

"அவர் கடை முற்றத்துல. டப்பாவோட சீல் உடைச்சதும் அவரேதான். ஆகஸ்ட் மாச வழக்கப்படி மொத வாய் பூமித்தாய்க்குக் கிண்ணத்துல ஊத்திட்டு, மிச்சத்த வீட்டுக்குக் கொண்டுபோய் வண்டில ஊத்தினேன்."

ஃபெலிசா மெல்லுவதை நிறுத்தினாள். "வெயில் ஏறுறதுக்குள்ள போயிடணும்."

கடையில் ஓவிதியோ சிரித்த முகமாக ஒரு காகிதத்தை நீட்டினார். "எண்ணெயோட பாதுகாப்புத் தரவுத் தாள், பாருங்க. சுத்தமான செயற்கை எண்ணெய். வீட்டுக்குப் போய் மாத்தினது இவன்தான்."

ஃபெலிசா நிதானமாகப் படித்தாள். "லேபிள், விக்கிறதுக்காக எழுதுறது. இது, ஆளுக்கு ஏதாவது ஆயிட்டா கேஸ் வருமேன்னு கம்பெனி பயந்து எழுதுறது. இத நான் நம்புறேன். பாலிஆல்ஃபாஓலிஃபின்னு போட்டிருக்கு. ரசாயன ஆலையில செஞ்ச எண்ணெய், குளிர்ல உறையுற மெழுகு கிடையாது. மைனஸ் நாப்பதுலயும் ஓடும்."

"நம்ம ராத்திரி அவ்வளவு குளிரில்லையே," என்றான் நிக்கனோர். அவன் முகம் வாடியது. "அப்ப உறைஞ்சது வேற எண்ணெய். டெமெத்ரியோ, நீயாடா?"

ஃபெலிசா முற்றத்து மூலைக்குப் போனாள். கோக்கா இலைகளுக்கும் வண்ணக் காகிதங்களுக்கும் நடுவே, வெயில் இன்னும் எட்டாத நிழலில் இருந்த மண்கிண்ணத்தைச் சாய்த்தாள். ஒரு சொட்டும் விழவில்லை. எண்ணெய் பன்றிக் கொழுப்பு போலக் கெட்டியாகியிருந்தது.

"இது மெழுகுள்ள எண்ணெய். உங்க முற்றம், நீங்க திறந்த டப்பா. வீடு போய்ச் சேர்றதுக்கு முன்னாடியே இது மட்டமானதுதான். காலி டப்பாவ நிரப்பி நீங்களே சீல் வெச்சிருக்கீங்க."

ஓவிதியோவின் சிரிப்பு போய்விட்டது.

"ஒண்ணுதான் புரியல," என்றாள் ஃபெலிசா. "இந்தக் கிண்ணத்தக் கழுவி வெச்சிருந்தா உங்கள யாரும் பிடிச்சிருக்க முடியாதே?"

"அவளுக்குக் குடுத்தத எப்படிம்மா திரும்ப எடுக்கிறது?"

சொன்ன பிறகுதான், பூமித்தாயையும் ஏமாற்றிவிட்டோம் என்று அவருக்கே உறைத்தது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற அந்த மனிதர் தொப்பியைக் கழற்றிக் கிண்ணத்தின் முன் மண்டியிட்டார். நிக்கனோருக்கே பாவமாக இருந்தது.

"இவனுக்குப் புது இன்ஜின் போட்டுக் குடுத்துடறேன்," என்றார். "இவளுக்கு என்னத்தக் குடுக்கிறது?"