ஒற்றைக் கோடு

இன்றும் எழுதுகிறான்...

ஏழாம் படுக்கைப் பெரியவருக்கு ரத்த அழுத்தம் பார்த்துவிட்டு நிமிர்ந்த நர்ஸுக்குச் சுருக்கென்றது. வெளியே மழை பிடித்துக்கொண்டிருந்தது. பெரியவரின் மகன் ஜன்னலோரம் சாய்ந்தபடி சின்ன நோட்டில் எதையோ கிறுக்கிக்கொண்டிருந்தான். அவள் பார்த்ததும் நோட்டை மூடினான். ஆனால் அந்தப் பெரிய கண்கள் அவளை விட்டு நகரவில்லை. திருட்டு முழி என்று மனதுக்குள் திட்டிக்கொண்டாள்.

நான்கு நாளாக இதே கதைதான். இந்த மாதிரி நோட்டை அவளுக்கு நன்றாகத் தெரியும். அவள் அம்மாவும் நர்ஸ். ஒரு நோயாளியின் உறவினர் இப்படித்தான் கூடவே இருந்து குறித்து, கடைசியில் புகாராக நீட்டினார். அம்மா மேல் தப்பில்லை என்று விசாரணையில் தெரிய ஒரு வருடம் ஆனது. அந்த ஒரு வருடமும், அக்கம்பக்கத்தில் யாருக்குக் காய்ச்சல் என்றாலும் அம்மாதான் முதல் ஆளாக ஓடினாள். தொடும் முன் உள்ளங்கைகளைத் தேய்த்துச் சூடாக்கிக்கொள்வாள். அதைப் பார்த்துத்தான் மகளும் இந்த வேலைக்கு வந்தாள். அம்மாவின் பழக்கத்தோடு இந்தச் சந்தேகமும் கூடவே வந்துவிட்டது.

அப்பாவை முதலில் எந்தப் பக்கம் திருப்ப வேண்டும் என்று அவன் மெல்லக் கேட்டான்.

"ஏன், அதையும் குறிச்சுக்கணுமா?"

அவன் சிரித்தான். சிரிப்பு வேறு அழகாக இருந்து தொலைத்தது. அவளுக்கு எரிச்சல் கூடியது.

"நோட்டக் குடுங்க. புகார் எழுதறதா இருந்தா என் முகத்துக்கு நேரா எழுதுங்க."

அவன் முகம் வெளுத்தது. அவசரமாகக் கடைசிப் பக்கத்தைத் திருப்பி, எதையோ கோடு போட்டு அடித்துவிட்டுத்தான் நீட்டினான். சாட்சியை அழிக்கிறானோ...

'பத்து மணி. இடப்பக்கம் திருப்பினார். முதுகுக்குத் தலையணை. தொடும் முன் கையைத் தேய்த்துச் சூடாக்கினார். அப்பா முகம் சுளிக்கவில்லை.'

பக்கம் பக்கமாக இதுதான் இருந்தது. அவள் திகைத்துப்போனாள்.

அவன் தலை குனிந்தபடி சொன்னான். அப்பா முப்பது வருடம் நர்ஸாக இருந்தவர். பள்ளியில் கேலி செய்வார்களே என்று, அப்பா கடை வைத்திருக்கிறார் எனப் பொய் சொல்லியே வளர்ந்தவன் இவன். பக்கவாதம் வந்து அப்பாவுக்குப் பேச்சு போன அன்று, அவரைத் திருப்பிப் படுக்கவைக்கக்கூடத் தெரியாமல் நின்றானாம்.

"நர்சிங் படிக்க விண்ணப்பம் போட்டிருக்கேன் சிஸ்டர். அப்பாகிட்ட சொன்னேன்... பிடிச்ச கைய விடவே இல்ல."

அவளுக்கு வெட்கமாகிப் போனது. பெரியவர் தூங்காமல் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். தப்பிக்க வழியில்லாமல் கடைசிப் பக்கத்தைப் புரட்டினாள். அவன் அடித்த ஒற்றைக் கோட்டுக்குள் எழுத்து தெளிவாகவே தெரிந்தது.

'மழை வந்தால் சிஸ்டர் ஒரு நிமிடம் ஜன்னலைப் பார்க்கிறார். அந்த ஒரு நிமிடத்துக்காகக் காலையிலிருந்து காத்திருக்கிறேன்.'

காது மடல்வரை சூடேறியது. குரலை மட்டும் கறாராக வைத்துக்கொண்டாள்.

"எங்க ரெக்கார்டுல ஒண்ணத் தப்பா எழுதிட்டா, ஒத்தக் கோடு போட்டு அடிச்சு, பக்கத்துல கையெழுத்து போடணும். நீங்க போடலையே..."

"தப்பா எழுதியிருந்தாத்தானே சிஸ்டர் போடணும்?"

மழை வலுத்தது. இந்த முறை அவள் ஜன்னலைப் பார்க்கவில்லை. தன் பேனாவை எடுத்து அவனிடம் நீட்டினாள்.

"அப்போ கீழ திரும்ப எழுதுங்க... தேதி போட்டு. அந்த 'சிஸ்டர்'ங்கற வார்த்தைய மட்டும் விட்டுட்டு."