காலிக் கூடத்தில் எடுத்த அளவு

ஐம்பத்திரண்டு இருக்க வேண்டிய இடத்தில் அறுபத்தேழு இருந்தது.

அவள் மடிக்கணினியை மூடித் திறந்தாள். அப்போதும் அறுபத்தேழு. எது பிசகினாலும் தப்பு தன்மேல்தான் என்று முதலில் நம்பிவிடுவது அவள் வழக்கம். அதனால் நோட்டில் எழுதியிருந்ததை விரல் வைத்து வரி வரியாகச் சரிபார்த்தாள். புது அரங்கம். பன்னிரண்டு வரிசை, வரிசைக்கு ஐம்பது இருக்கை. கூரை எட்டாத உயரம் என்பதால் வைஃபை பெட்டிகளை இருக்கைகளுக்கு அடியில், வரிசையின் முனைக்கு ஒன்றாகப் பொருத்தியிருந்தார்கள். இருபத்துநான்கையும் ஒரு குழுவாகச் சேர்த்து, எந்தச் சேனலில், எவ்வளவு பவரில் அவை பேச வேண்டும் என்று அமைத்துக்கொடுப்பது அவள் வேலை. இந்த முனைப் பெட்டி பேசுவது அந்த முனைப் பெட்டிக்கு எவ்வளவு தேய்ந்து கேட்கிறது என்பதுதான் திரையில் வரிசைக்கு ஒன்றாக நின்ற எண். பன்னிரண்டிலும் அறுபத்தேழு. எண் ஏறினால் நடுவில் ஏதோ தடுக்கிறது என்று அர்த்தம்.

கூடம் காலியாக இருந்தால் ஐம்பத்திரண்டு, நிரம்பினால் அறுபத்தேழு வரும் என்று அவளே கணக்குப் போட்டு வைத்திருந்தாள். மனித உடம்பு பாதிக்கு மேல் தண்ணீர். தண்ணீர் சிக்னலைக் குடித்துவிடும்.

ஆனால் கூடத்தில் ஈ காக்கை இல்லை. நாலு மணி வெயில் பக்கக் கண்ணாடிகள் வழியாக வந்து, மடிந்து நின்ற இருக்கைகளின் முதுகுகள் மேல் ஒவ்வொன்றாகத் தாவிப் போய் எதிர்ச்சுவரில் படிந்திருந்தது. தரைவிரிப்பின் பசை வாடைக்கு அடியில் இன்னொரு வாடையும் மெல்ல எழுந்தது. பூட்டிய அறையில் பலபேர் வெகுநேரம் மூச்சு விட்டுப் பழசாக்கிய காற்றின் வாடை.

"அண்ணே, கீழே ஈரம் ஏதாவது இருக்கா பாருங்களேன்."

பெட்டிகளை முடுக்கியவர் குனிந்து பார்த்தார். கையில் எந்நேரமும் திருப்புளி இருப்பதால் அவர் எல்லாருக்கும் திருப்புளி அண்ணன்.

"சருகு மாதிரி காஞ்சு கெடக்கு. உன் கம்ப்யூட்டருக்குத்தான் சளி பிடிச்சிருக்கு."

"நேத்து சரியா இருந்துச்சே."

"நேத்து என் முட்டிகூட சரியாத்தான் இருந்துச்சு. அஞ்சு மணிக்குள்ள அளவு ஃபார்ம் போகலைன்னா முதலாளி சாமி ஆடுவாரு. பவரை ஏத்திட்டு எழுதிக் குடுத்துட்டு வா. நான் வண்டியில இருக்கேன்."

முதலாளியும் போனில் அதையேதான் சொன்னார். மூன்று மாதத் தற்காலிக வேலை இன்றோடு முடிகிறது. ஃபார்ம் ஒழுங்காக வந்தால் நிரந்தரம்.

"பவரைக் கூட்டும்மா. ஐம்பத்திரண்டுக்கு வந்துடும். 'கூடத்தில் ஆட்கள்'னு ஒரு கட்டம் இருக்கும், நீ ஒருத்திதானே, அதுல ஒண்ணுன்னு போடு."

"கூட்டினா பெட்டிங்க ஒண்ணுமேல ஒண்ணு கத்தும் சார். நாளைக்கு வர்ற யாருக்கும் லைன் கிடைக்காது."

"எனக்கே பாடம் எடுக்காத. வேலை வேணுமா, வேணாமா?"

வேண்டும். கிடைத்துவிட்டதென்றே அக்காவிடம் சொல்லியாயிற்று. அவள் போனை வைத்துவிட்டு, மடிக்கணினியை ஏந்திக்கொண்டு ஏழாவது வரிசைக்குள் பக்கவாட்டில் நுழைந்தாள். ஒவ்வோர் இருக்கையாகப் பார்த்துவிட வேண்டும்.

நடுவில் அவள் உடம்பு புகுந்தால் எண் இன்னும் ஏற வேண்டும். இறங்கியது. அறுபது.

நின்றாள். மறுபடி அறுபத்தேழு.

ஓர் அடி வைத்தாள். அறுபது. நின்றாள். அறுபத்தேழு.

சினிமாக் கொட்டகையில் படம் தொடங்கியபின் நுழைகிறவருக்கு, உட்கார்ந்திருப்பவர்கள் முழங்காலை ஒதுக்கி வழிவிடுவார்கள். கடந்ததும் மறுபடி நீட்டிக்கொள்வார்கள்.

வாசல் இருபது அடி தூரம்கூட இல்லை. ஓடு என்றது கால். ஆனால் மூன்று மாதமாக எல்லாரும் சந்தேகப்பட்டது அவளுடைய அளவுகளைத்தான். அவளும் அவர்களோடு சேர்ந்துகொண்டு சந்தேகப்பட்டாள். இன்று அளவு சரி. முதல்முறையாக, ஒரு புள்ளிகூடப் பிசகாமல் சரி. அந்த எண்ணம் பயத்துக்கு முன்னால் வந்து நின்றுகொண்டது.

"யாரா இருந்தாலும் அப்படியே உட்கார்ந்திருங்க," என்றாள். "இல்லைன்னு நான் எழுதப்போறதில்லை."

பவரைத் தொடவில்லை. ஃபார்மைத் திறந்தாள். அளவு: அறுபத்தேழு. கூடத்தில் ஆட்கள்: நிரம்பியிருக்கிறது. கீழே தன் பெயர். அனுப்பினாள்.

நிமிடம் ஆகவில்லை, போன் அடித்தது. முதலாளி. அடித்து ஓயட்டும் என்று விட்டாள். வேலை போயிற்று, போகட்டும். உதட்டோரம் சிரிப்பு வந்தது.

திரையில் பன்னிரண்டாம் வரிசை ஐம்பத்திரண்டு ஆயிற்று.

பிறகு பதினொன்று. பிறகு பத்து.

ஓர் இருக்கைகூடக் கிறீச்சிடவில்லை. பின்னாலிருந்து ஒவ்வொரு வரிசையாகக் காலியாகிக்கொண்டு வந்தது. ஒன்பது. எட்டு. அடுத்து முன்னாலிருந்து. ஒன்று. இரண்டு. மூன்று.

அவள் ஓடவில்லை. எண்ணினாள். நாலு. ஐந்து. ஆறு.

பதினொரு வரிசைகளும் ஐம்பத்திரண்டு. துடைத்துவிட்டதுபோல.

ஏழாவது வரிசை, எழுபது.

காற்று சூடாயிற்று. தரைவிரிப்பில் வெயில் அப்படியே கிடந்தது. அதில் ஒரே நிழல். அவளுடையது.

எண்பது.

தொண்ணூறு.

"கொஞ்சம் தள்ளி நில்லுங்க," என்றாள் அவள். "இதையும் எழுதணும்."

எழுதக் கையைத் தூக்கினாள். தூக்க இடம் இல்லை.