வளையத்துக்குள் இல்லாத அரசர்

கெனா மட்டும் வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் யார் கையிலும் கயிறு விழுந்திருக்காது. ஆனால் கத்துவதுதான் அவனுக்குக் கைவந்த கலை, ஓவியமெல்லாம் அப்புறம்.

அன்று காலை கல்லறைக்குள் முதல் ஆளாக நுழைந்தவன் விளக்கைத் தூக்கினான். முந்தின நாள் கடைசியாக, பெயரின் மாதிரி எழுதிய ஓட்டுச் சில்லைக்கூடப் பார்க்காமல், அரட்டையடித்தபடியே சிவப்பு மையில் அரசர் பெயரை எழுதியிருந்தான். அரசர் பெயரைச் சுற்றிப் போடும் வளையம் இருந்தது. உள்ளே பெயர் இல்லை, சுரண்டி எடுத்திருந்தார்கள். அவன் போட்ட கூச்சலில் பள்ளத்தாக்கே ஓடி வந்தது, காவல் தலைவன் நக்தி உட்பட.

கல்லறை, பட்டமேறி ஒரு வருஷம்கூட ஆகாமல் இறந்த அரசர் ராம்சேஸுக்கானது. பதப்படுத்தி முடித்து எழுபதாம் நாள் உடல் வந்துவிடும். பெயர் இல்லாவிட்டால் மறுவுலகில் அவரே இல்லை. அந்தப் பெயரில் கைவைத்தவனுக்கு மூக்கும் காதும் போகும்.

"மூஞ்சியே ஞாபகமில்லாத ராஜாவுக்குக் கல்லறை ஒரு கேடான்னு நேத்துச் சொன்னது இவன்தானே?" என்று கல் செதுக்கும் பென்னூபின் கைகளைக் கட்டினான் நக்தி. பென்னூபுக்கு அழக்கூட வரவில்லை.

கெனாவின் காதுகள் கொஞ்சம் பெரியவை. அவற்றை இரு கைகளாலும் பொத்திக்கொண்டு எழுத்தர் நெபமூனிடம் ஓடினான். அவர் கருவிக் கூடத்து வாசலில் செம்பு திருடு போகாமலிருக்க உளிகளை எடை போட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே, என் சுவருண்ணே அது! என் காது தப்புமா?"

"மூச்சு விடு முதல்ல."

உள்ளே வந்த நெபமூன் சுவரை நிதானமாகப் பார்த்தார்.

"நக்தி, பகையில அழிக்கிறவன் ஒண்ணோட நிறுத்துவானா? இங்க இன்னும் ஏழு இடத்துல அரசர் பேர் இருக்கு. ஒரு கீறல் இல்லே. இதுலகூட வளையத்தைத் தொடாம, அலுங்காம எடுத்திருக்கான்."

"பென்னூப் பொறுமைசாலிதான்."

"அவன் உளி? சாயங்காலம் எல்லா உளியையும் எடை போட்டு வாங்கி, கூடத்தை மூடி முத்திரை வச்சாச்சு. காலையில முத்திரை அப்படியே இருந்துச்சு. நகத்தால சுரண்டினானா?"

நக்தி பென்னூபின் நகங்களைப் பார்த்தான். சுத்தமாக இருந்தன.

"அப்ப யாருய்யா?"

"சிவப்பு மைன்னா வெறும் வரைவு. தலைமை ஓவியர் கறுப்பு மையில திருத்துறதுக்கு முன்னாடி சுரண்டி எழுதுறது இங்க தினமும் நடக்குது. இவன் கத்தினான், குத்தமாச்சு. கத்தலேன்னா வெறும் திருத்தம். அவுத்து விடு."

கயிறு அவிழ்ந்தது. எல்லோரும் வெளியேறினார்கள். நெபமூனோடு கெனா மட்டும் நின்றான்.

"அண்ணே, உளியெல்லாம் கூடத்துக்குள்ள. முத்திரை மோதிரம் உங்க விரல்ல."

"புகையாம இருக்க விளக்கு எண்ணெயில உப்புப் போட்டியா? புகையுது பாரு."

"அண்ணே."

நெபமூன் விளக்கைத் தணித்தார்.

"நான்தான் சுரண்டினேன். நீ எழுதினது போன ராஜா பேருடா! ஏழு வருஷம் எழுதின கை, அது பாட்டுக்கு எழுதிடுச்சு. இவர் கல்லறையில அவர் பேரு! நீ வந்ததும் காதோட காதா சொல்லலாம்னு இருந்தேன். அதுக்குள்ள ஊரைக் கூட்டிட்டே."

கெனா சுவரில் சாய்ந்து உட்கார்ந்தான். பென்னூபின் கயிறு அவன் காலடியில் கிடந்தது.

"என் காது, அண்ணே?"

நெபமூன் மாதிரி எழுதிய ஓட்டுச் சில்லை அவன் கையில் வைத்தார்.

"தப்பும்."