கிரெமெனாவின் தலையசைப்பு

"விளக்கை அணைச்சதும் என்னை யாருக்கும் தெரியாதுல்ல, அக்கா?"

முதல் முறை நாடகம் பார்க்க வந்தபோது கிரெமெனா கேட்ட கேள்வி அது. டிக்கெட் வாங்கிய பிறகும் உள்ளே போகாமல், கோட்டுக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு வாசலிலேயே நின்றாள். "பக்கத்துல உக்காந்திருக்கறவங்களுக்கே தெரியாது. தைரியமா போ," என்று சொல்லி, நெவேனா அவள் தோளில் ஒரு பச்சை ரிப்பனைக் குத்தி அனுப்பினாள்.

இன்று காலை காப்பி பொங்கி வரும்போது அந்தப் பதில்தான் நெவேனாவுக்குத் திரும்பத் திரும்ப நினைவுக்கு வந்தது.

ருசே நகரில், ஆற்றுக்கு இறங்கும் சரிவில், கீழே நாடகக் கொட்டகையும் மேலே வீடுமாக வாழும் குடும்பம் அது. கணவர் லியூபென் வேடிக்கை நாடகங்கள் எழுதி நடிப்பார். மகன் காலின் படம் பிடிப்பான். சுவரொட்டியைப் பார்த்து இப்போதெல்லாம் யாரும் வருவதில்லை. வாய்விட்டுச் சிரிக்கும் ஜனங்களைக் கைபேசியில் பார்த்துவிட்டுத்தான் வருகிறார்கள். அதனால் ஒவ்வொரு நாடகத்துக்கும் பார்வையாளர்களின் முகங்களைப் பிடித்து, சின்னதாக ஒரு வீடியோ செய்து ஊருக்கெல்லாம் அனுப்புவது வழக்கமாகியிருந்தது.

'இங்கே படம் பிடிக்கப்படும்' என்று வாசலில் ஒரு பலகை மாட்டினால் போதும் என்பது லியூபெனின் கட்சி. கல்யாணமான நாளிலிருந்து எதற்கும் எதிர்ப்பேச்சு பேசாத நெவேனா இதில் மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை. பலகையை யார் படிக்கிறார்கள்? முகம் அவர்களுடையது, அவர்களைத்தான் கேட்க வேண்டும் என்றாள். வருகிற ஒவ்வொருவரையும் அவளே கேட்டாள். வேண்டாம் என்பவர்களின் தோளில் பச்சை ரிப்பன். அது இருக்கும் பக்கம் காலினின் கேமரா திரும்பாது. அந்த வீட்டில் அவளுக்கென்று இருந்தது அந்த வாசல் ஒன்றுதான்.

ஒரு மாதத்துக்கு முன் அந்த ரிப்பன் ஒரு தோளில் ஏறாமல் போய்விட்டது.

கிரெமெனா பக்கத்துத் தெரு ரொட்டிக்கடையில் வேலை பார்ப்பவள். அடிக்கிற புருஷனிடமிருந்து தப்பி, யாருக்கும் சொல்லாமல் பிளெவென் ஊரிலிருந்து ஓடி வந்தவள். சிரிக்கவே மறந்திருந்தவள், மறுபடி வந்த அன்று நாடகத்தில் கண்ணில் நீர் வரச் சிரித்தாள். அவ்வளவு அழகான சிரிப்பு அரங்கத்தில் வேறு இல்லை. காலின் அந்த முகத்தை வைத்தே வீடியோவை முடித்தான். லட்சம் பேர் பார்த்தார்கள். அவள் புருஷனும் பார்த்தான்.

போன வாரம் அவன் ரொட்டிக்கடை வாசலில் வந்து நின்றான். கிரெமெனா மாவு அறைக்குள் ஒளிந்துகொண்டாள். போலீஸ் வந்து அவனை அனுப்பிவைத்தது. இடம் தெரிந்துவிட்டது, மறுபடி வருவேன் என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டுப் போனானாம். காலின் வீடியோவை எடுத்துவிட்டான். ஆனால் அதற்குள் எத்தனையோ பேர் தங்கள் கைபேசியில் சேமித்து வைத்திருந்தார்கள். போனது போனதுதான்.

"அன்னிக்கு வாசல்ல யார் நின்னது?" என்று லியூபென் வீடு அதிரக் கேட்டபோது, மருமகள் ராதினாவின் முகம் வெளுத்ததை நெவேனா பார்த்தாள். "நான்தான். மறந்துட்டேன்," என்று நெவேனாவே முந்திக்கொண்டாள்.

அவ்வளவுதான். லியூபென் ரிப்பன் பெட்டியைப் பிடுங்கித் தன் அலமாரியில் வைத்துப் பூட்டினார். ஊருக்கே நியாயம் சொன்னவள் ஒரு பெண்ணின் வாழ்க்கையையே மறந்துவிட்டாள் என்று போகிறவர் வருகிறவரிடமெல்லாம் சொன்னார். பெற்ற மகன் அவள் கையால் சாப்பாடு வாங்குவதை நிறுத்திவிட்டுத் தானே போட்டுக்கொண்டான். நெவேனா எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டாள். ராதினாவின் வயிற்றில் ஐந்து மாதம். போன முறை குழந்தை தங்காமல் போயிருந்தது. வியன்னாவில் பிறந்து வளர்ந்தவள் என்று மாமனார் குத்திக் காட்டிக் காட்டி, இப்போதுதான் கொஞ்சம் ஓய்ந்திருந்தார். இந்தப் பழியும் அவள் தலையில் விழுந்தால்...

சாப்பாட்டு மேசையில் இன்று யாரும் யாரையும் பார்க்கவில்லை. பாலாடைக்கட்டி வைத்துச் சுட்ட பனிட்சா தட்டில் ஆறிக்கொண்டிருந்தது.

"மதியம் பஸ்ஸுக்குப் போறாளாம் அந்தப் பொண்ணு," என்றார் லியூபென். "எங்கேன்னு யாருக்கும் தெரியாது. ஒரு ரிப்பன் குத்தறதுக்கு என்ன கனம்? கை வலிச்சுதா?"

நெவேனா தலை குனிந்து ரொட்டியைப் பிய்த்தாள்.

"அம்மாவுக்கு வயசாகுதுப்பா, விடுங்க," என்றான் காலின். அது ஆதரவா, அதுவும் ஒரு அடியா என்று நெவேனாவுக்குப் புரியவில்லை. கண்ணில் மட்டும் நீர் முட்டியது.

லியூபென் காப்பிக் கூஜாவை எடுத்து, மருமகளைப் பார்த்து இன்னும் வேண்டுமா என்று ஜாடை காட்டினார். ராதினா வேண்டாமென்று தலையை இடமும் வலமும் ஆட்டினாள். அவர் பாட்டுக்கு ஊற்றினார்.

இது அந்த வீட்டில் பழைய வேடிக்கை. அந்த ஊரில் தலையைப் பக்கவாட்டில் ஆட்டினால் சரி. மேலும் கீழும் அசைத்தால் வேண்டாம். வியன்னாக்காரிக்கு எல்லாம் தலைகீழ். வந்த புதிதில் வேண்டாம் வேண்டாம் என்று ஆட்டி ஆட்டியே அவள் மூன்று தட்டு சூப் குடித்த கதையைச் சொல்லி எல்லோரும் சிரிப்பார்கள்.

இன்று யாரும் சிரிக்கவில்லை. கப் நிரம்பித் தட்டில் வழிந்தது. ராதினா அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மேலும் கீழும்தான் அசைச்சா..." என்றாள்.

"யாரும்மா?" என்றான் காலின்.

"கிரெமெனா. நான் கேட்டப்போ." ராதினா எழுந்துவிட்டாள். "மாமா, அன்னிக்கு வாசல்ல அத்தை இல்ல. நான்தான் நின்னேன். ஒரு குழந்தை வாந்தி எடுத்துடுச்சுன்னு அத்தை உள்ளே ஓடினாங்க. பெட்டியை என்கிட்ட குடுத்துட்டுப் போனாங்க. கூட்டம் நெருக்குது... உங்களைப் படம் எடுக்கலாமான்னு கேட்டேன். அவ தலையசைச்சா. சரின்னுதான் சொல்றான்னு அனுப்பிட்டேன். இத்தனை நாளும், அப்போ ஒத்துக்கிட்டு இப்போ மாத்திப் பேசறான்னுதான் நினைச்சேன். அவ வேண்டாம்னு சொல்லியிருக்கா, மாமா. என் முகத்தைப் பார்த்து வேண்டாம்னு சொல்லியிருக்கா."

லியூபென் கூஜாவைக் கீழே வைத்தார்.

"உனக்குத் தெரியுமா?" என்று மனைவியைக் கேட்டார்.

"தெரியும். கிரெமெனாவைப் பார்க்கப் போயிருந்தேன். தலையாட்டினேனே அக்கான்னு சொன்னா. அப்பவே புரிஞ்சுது."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"சொல்லியிருந்தா என்ன பண்ணியிருப்பீங்க?"

ராதினா ஓடிவந்து நெவேனாவின் மடியில் முகம் புதைத்து விம்மினாள். எனக்காகவா அத்தை, எனக்காகவா என்று அதையே திரும்பத் திரும்பக் கேட்டாள். நெவேனா அவள் தலையைக் கோதினாள். "அழாதே. உள்ளே இருக்கறதுக்குக் கேக்கும். பெட்டியைக் குடுத்த நான், அவங்க தலையசைச்சா என்ன அர்த்தம்னு ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போயிருக்கணும். என் மேலயும் பாதி இருக்கு."

காலின் நாற்காலியை நகர்த்தி அம்மாவின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். ஆறிப்போன பனிட்சாவை அவள் தட்டிலிருந்தே ஒரு துண்டு எடுத்து வாயில் போட்டுக்கொண்டான். லியூபென் எழுந்து போய் அலமாரியைத் திறந்து, ரிப்பன் பெட்டியைக் கொண்டுவந்து நெவேனாவின் முன்னால் வைத்தார். அவர் கண்களும் கலங்கியிருந்தன. இனிமேல் நீதான் வாசல், நீ கேட்காத முகத்தை இந்த வீட்டில் யாரும் தொடமாட்டார்கள் என்றார்.

இந்த வார்த்தைக்காக எத்தனை நாள் ஏங்கியிருப்பாள்! ஆனால் இப்போது அது கிடைத்தும் நெஞ்சில் எதுவும் நிறையவில்லை. அவள் கடிகாரத்தைப் பார்த்தாள். கோட்டை எடுத்தாள்.

"நானும் வர்றேன் அத்தை," என்றாள் ராதினா.

"வேண்டாம்மா. நீ வந்தா மன்னிப்பு கேப்ப. ஓடற அவசரத்துல உன்னை மன்னிக்கற வேலையையும் அவளுக்குக் குடுக்காதே."

பஸ் புறப்படத் தயாராக உறுமிக்கொண்டிருந்தது. கிரெமெனா ஜன்னலோரம், தலையில் கறுப்புத் துணியை இழுத்துக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மடியில் ஒரே ஒரு பை. வீடியோவில் ஊரெல்லாம் பார்த்த அந்தச் சிரிப்பு இருந்த முகமா இது? நெவேனா கண்ணாடியைத் தட்டினாள். கிரெமெனா திரும்பிப் பார்த்தாள். கோபம் இல்லை. கோபமாவது இருந்திருக்கலாம்.

வழியெல்லாம் சேர்த்து வைத்திருந்த சொற்கள் ஒன்றும் வாயில் வரவில்லை. யார் தவறு, எப்படி நடந்தது என்று சொல்லி இனி என்ன? கடைசியில் ஒன்றைத்தான் கேட்டாள்.

"போய்ச் சேர்ந்ததும் எங்கே இருக்கேன்னு எனக்கு மட்டும் ஒரு வார்த்தை சொல்லுவியாம்மா? நல்லா இருக்கியான்னு தெரிஞ்சா போதும்."

கண்ணாடிக்கு உள்ளே கிரெமெனாவின் முகம் மேலே எழுந்தது. பிறகு கீழே இறங்கியது. ஒரே ஒரு முறை.

சரி, கேட்க மாட்டேன் என்று நெவேனா தன் தலையைப் பக்கவாட்டில் ஆட்டினாள். ஜன்னலை விட்டு இரண்டடி பின்வாங்கி நின்றாள்.

பஸ் நகர்ந்தது. கிரெமெனா துணியை முகத்தின் மேல் இன்னும் கொஞ்சம் இழுத்துவிட்டுக்கொண்டாள்.