பூஜ்ஜியத்தைத் தாண்டிய திருகு

பட்டனை அமுக்கினால் திரையில் அவன் குதிக்க வேண்டும். குதித்தான்தான், இல்லையென்று சொல்ல முடியாது, ஆனால் "என்னையா கூப்பிட்ட?" என்று கேட்டுவிட்டுக் குதிப்பவனைப் போல ஒரு கண்ணிமைப்பு தாமதமாகக் குதித்தான். அதற்குள் பள்ளம் அவனை விழுங்கியிருந்தது.

டிரைவருக்கு எரிச்சல் பொத்துக்கொண்டு வந்தது. பஸ் படியில் சறுக்கி விழுந்து, வலது காலில் மாவுக்கட்டோடு சோபாவே கதியென்று கிடக்கிற மனுஷன். மனைவி வேலை விஷயமாக வெளியூர் போயிருந்தாள், மகள் வாண்டு பள்ளிக்கூடம் போயிருந்தாள். பொழுது போகவில்லையென்று மச்சானை விட்டுப் பரணிலிருந்து இறக்கிய பழைய வீடியோ கேம் பெட்டி இது. சின்ன வயதில் டப்பா டிவியில் இந்தக் குகையை அவன் தூக்கத்தில்கூடத் தாண்டுவான். இப்போது பாதிச் சுவரை அடைத்து நிற்கும் புது டிவியில் படம் என்னவோ பளிச்சென்றுதான் இருந்தது, ஆள்தான் சொன்ன பேச்சு கேட்கவில்லை. மிதித்ததும் பிடிக்காத பிரேக்கை வைத்துக்கொண்டு எவன் வண்டி ஓட்டுவான்?

மச்சானுக்கு போன் போட்டான். மனைவியின் தம்பி, டிவி மெக்கானிக். காலையில் வந்து ஒயரெல்லாம் மாட்டிவிட்டுப் போனவனும் அவன்தான்.

"பழைய படத்தைப் பெருசாக்கி, பூசி மெழுகித்தானே மாமா புது டிவி காட்டும்? மேக்கப் போட நேரம் ஆகாதா? கேம் மோடு போட்டுப் பாருங்க."

"போட்டாச்சுடா. கொறஞ்சுது. ஆனா இன்னும் இழுக்குது."

"நடுவுல ஒரு கறுப்பு கன்வர்ட்டர் மாட்டினேன்ல? அதுல எவ்வளவு லேட்டுன்னு வைக்க ஒரு திருகு இருக்கும், பூஜ்ஜியத்துக்குக் கொண்டு வாங்க. எவனோ ரிப்பேருக்குக் குடுத்துட்டுத் திரும்ப வரவே இல்ல. உங்க அதிர்ஷ்டம்!"

கன்வர்ட்டரை ஊன்றுகோலால் பக்கத்தில் இழுத்துத் திருகினான். டிவியில் வெயில் அடிக்காமல் இருக்கத் திரைச்சீலையை இழுத்து மூடியிருந்ததால், மத்தியானமே அறைக்குள் மங்கலாக, சூடேறிய பழைய பிளாஸ்டிக்கும் தூசியும் கலந்த வாசனையோடு, மின்விசிறியின் ஒரே சீரான முனகலோடு கிடந்தது. திருகு பூஜ்ஜியத்துக்கு வந்தது. அமுக்கினான், அந்த நொடியே திரையில் இருந்தவன் குதித்தான். அடடா, இதுவல்லவா ஆட்டம்! ஆனால் திருகு அதோடு நிற்கவில்லை, இன்னும் கொஞ்சம் போகும் என்று விரலுக்குத் தெரிந்தது. ஆசை யாரை விட்டது? சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த கதையாக இன்னொரு சுற்றுத் திருகிவிட்டு, கன்வர்ட்டரைப் பழைய இடத்துக்கே தள்ளினான்.

அதற்கப்புறம் திரையில் அவன் விழவே இல்லை. பள்ளம், முள், உருண்டு வரும் பாறை எல்லாவற்றையும் அனாயாசமாகத் தாண்டினான். "கை இன்னும் மறக்கலடா" என்று டிரைவர் தன்னையே மெச்சிக்கொண்டான். மெச்சி முடிப்பதற்குள் ஏதோ உறுத்தியது. இப்போது தாண்டிய பள்ளத்துக்கு டிரைவர் இன்னும் பட்டனை அமுக்கவே இல்லை.

சரி, அமுக்க வேண்டாம், என்னதான் ஆகிறது பார்ப்போம் என்று கட்டை விரலைத் தூக்கி வைத்துக்கொண்டான். திரையில் அவன் குதித்தான். பிறகு, யாரோ மேலிருந்து அழுத்தியது போல, டிரைவரின் விரல் தானாகக் கீழே போனது.

டக்.

ஜாய்ஸ்டிக்கைக் கீழே போடப் பார்த்தான். விரல்கள் விரியவில்லை. எழுந்து ஒயரைப் பிடுங்கிவிடலாம் என்று இடது காலை ஊன்றினான், ஊன்றியதாக நினைத்தான், ஆனால் கால் இருந்த இடத்திலேயே இருந்தது. குகை முடிந்து, அவன் ஒருநாளும் பார்த்திராத ஒரு கதவு வந்தது. அதற்குள் ஒரு கூடம். சதுரம் சதுரமாக ஒரு நீள இருக்கை. அதில் ஒருவன், ஒரு கால் மட்டும் வெள்ளை. பக்கத்தில் ஊன்றுகோல்.

அவன் உட்கார்ந்தே இருந்தான். அதனால் டிரைவரும் உட்கார்ந்தே இருந்தான்.

பக்கத்தில் போன் அடித்தது. மச்சான். மடியிலிருந்து ஒரு சாண் தூரம்கூட இல்லை. அடித்து அடித்து ஓய்ந்தது.

திரையில் கூடத்துக் கதவு திறந்தது. முதுகில் பையோடு ஒரு சின்ன உருவம் வந்தது. கதவைச் சாத்தித் தாழ் போட்டது. உட்கார்ந்திருந்தவன் இருக்கைக்குக் கீழே குனிந்து எதையோ எடுத்து நீட்டினான். சின்னது வாங்கிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தது.

ஐயோ, வாண்டு! பள்ளிக்கூடம் விடும் நேரம்.

வெளியே லிப்ட் வந்து நின்றது. ஓடி வரும் செருப்புச் சத்தம். அப்பாவால் எழுந்து வர முடியாதென்று கதவு வெறுமனே சாத்தித்தான் இருந்தது. 'உள்ளே வராதே, ஓடிப் போ' என்று தொண்டை கிழியக் கத்தினான். சத்தம் வரவில்லை. திரையில் இருப்பவன் கத்தவில்லை.

"ஹை! நீ மட்டும் விளையாடுறியாப்பா?" மகள் கதவைச் சாத்தினாள். அம்மா பழக்கிவிட்டபடி சமர்த்தாகத் தாழ் போட்டாள். "எனக்கு?"

அவன் இடுப்பு வளைந்தது. கை சோபாவுக்கு அடியில் இருந்த அட்டைப் பெட்டிக்குள் போனது. வேண்டாம். வேண்டாம்டி செல்லம். கை இரண்டாவது ஜாய்ஸ்டிக்கை எடுத்து நீட்டியது.

வாங்கிக்கொண்டாள். ஒட்டி உட்கார்ந்தாள். சிரித்தாள்.

சிரிப்பு பாதியில் நின்றது.

"அப்பா, கை..." என்றாள். அவ்வளவுதான்.

திரை அவர்களைத் தாண்டி நாள்கணக்கில் முன்னால் போய்க்கொண்டிருந்தது. அந்தக் கூடத்து ஜன்னல் கறுத்தது. வெளுத்தது. கறுத்தது. வெளுத்தது. கதவு திறக்கவில்லை. இருவரும் அசையவில்லை. ஒவ்வொரு தடவை வெளுக்கும்போதும் இருவரிடமும் ஒரு சதுரம் குறைந்திருந்தது. டிரைவரால் கண்ணை மூட முடியவில்லை.

ஜன்னல் மறுபடி வெளுத்தபோது, சின்ன உருவத்தின் தலை சாய்ந்தது.

ஜன்னல் கறுத்தது, வெளுத்தது. அது நிமிரவில்லை.

சோபாவில், வாண்டின் தோள் அவன் கையோடு ஒட்டி இன்னும் கதகதப்பாக இருந்தது.